4.4 + 0.5 = 5.3 என்று எழுதிய பையன்

கேள்வி கேட்டவர் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறார். வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. வகுப்பில் 42 பேர். பயிற்சிக்குப் போன இடத்தில் "முறைசாரா மதிப்பீடு செய்யுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "பாடம் நடத்தும்போது கேள்வி கேட்கிறேன், நன்றாகத்தான் பதில் சொல்கிறார்கள். தேர்வு வைத்தால் பாதிப் பேர் தப்பாக எழுதுகிறார்கள். முறைசாரா மதிப்பீடு என்பது இப்படிக் கேள்வி கேட்பதுதானா, இல்லை வேறு ஏதாவதா? இதற்கும் தனியாக ஒரு பதிவேடு போட வேண்டுமா?" என்பது அவர் கேள்வி.

பதிவேட்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அவர் உண்மையில் கேட்பது வேறு ஒன்று என்று எனக்குப் படுகிறது: தேர்வுத் தாள் கைக்கு வருவதற்கு முன்பே, பிள்ளைகள் எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? தாள் வந்த பிறகு தெரிந்து பெரிய பயன் இல்லை. அதற்குள் நாம் பின்னத்தை முடித்து இயற்கணிதத்துக்குப் போயிருப்போம்.

நான் 23 வருடமாக அரசுப் பள்ளியில் ஆறு முதல் பத்து வரை கணக்கு எடுக்கிறேன். முதல் ஏழெட்டு வருடம் நானும் உங்களைப் போலத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் இரண்டு கணக்கு போட்டுக் காட்டுவேன். திரும்பி, "புரிஞ்சுதா?" என்பேன். "புரிஞ்சுது மிஸ்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். அது பதில் இல்லை. காலையில் நாம் உள்ளே நுழைந்ததும் "வணக்கம் மிஸ்" என்று ராகம் போடுவார்களே, அந்த வகை. புரியாத பிள்ளைக்குத் தனக்குப் புரியவில்லை என்பதே பல நேரம் தெரியாது. தெரிந்தாலும் 41 பேர் முன்னால் "இல்லை" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? "நன்றாகப் பதில் சொல்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பதிலை யார் சொல்கிறார்கள் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். ஆறேழு பேர்தான் இருப்பார்கள். மற்றவர்கள் அந்தக் குரலின் பின்னால் வசதியாக உட்கார்ந்திருப்பார்கள்.

என் கண்ணைத் திறந்தது ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன். தசமக் கூட்டலில் ஒரு சின்னத் தேர்வு வைத்திருந்தேன். 2.3 + 1.2 க்கு 3.5 என்று எழுதியிருந்தான், சரி. 4.4 + 0.5 க்கு 5.3 என்று எழுதியிருந்தான், தப்பு. 3.5 + 0.1 க்கு 4 என்று எழுதியிருந்தான், அதுவும் தப்பு. வேறு இரண்டு சரி. பத்துக்கு ஆறு போட்டு, ஓரத்தில் சிவப்பு மையில் "கவனக்குறைவு" என்றும் எழுதிவிட்டேன். தாளைக் கொடுக்கும்போது ஏதோ தோன்றி, "இது எப்படிடா 5.3 வந்துச்சு? போட்டுக் காட்டு" என்றேன். அவன் பேனாவைக்கூட எடுக்கவில்லை. "நாலு ஓவர் நாலு பால் மிஸ். அதோட அஞ்சு பால் போட்டா அஞ்சு ஓவர் மூணு பால்" என்றான்.

பையன் கிரிக்கெட் ஸ்கோரைப் பார்த்துத் தசமம் கற்றிருக்கிறான்! அவன் போட்டதில் ஒரு பிசகும் கிடையாது. 28 பந்தும் 5 பந்தும் 33 பந்து, அதாவது 5 ஓவர் 3 பந்து. அவன் கணக்கில் புள்ளிக்குப் பின்னால் ஆறு வந்தால் ஒன்று ஏறும், என் கணக்கில் பத்து வந்தால் ஏறும். 2.3 + 1.2 இல் இரண்டு வழியிலும் 3.5தான் வரும் என்பதால் அந்தக் கணக்கு அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் கவனக்குறைவு என்று எழுதியது எவ்வளவு பெரிய கவனக்குறைவு என்று அப்போதுதான் உறைத்தது.

அவனிடமே கேட்டேன். "ரெண்டரை ஓவர்னா எத்தனை பால்?" "பதினஞ்சு." "டிவியில எப்படிப் போடுவான்?" "2.3." "ரெண்டரை ரூபாயை எப்படி எழுதுவே?" "2.50" என்று சொல்லிவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அரை என்பது ஒரு இடத்தில் 3 ஆகவும் இன்னொரு இடத்தில் 5 ஆகவும் இருப்பது அவனுக்கு அந்த நொடியில்தான் இடித்தது. மறுநாள் வகுப்பை அந்தக் கேள்வியோடுதான் தொடங்கினேன். இன்னும் நாலு பேர் அதே ஓவர் கணக்கில் இருந்தது வெளியே வந்தது. முறைசாரா மதிப்பீடு என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். பிள்ளை எந்த வழியில் அந்த விடைக்கு வந்தது என்று பார்ப்பது, பார்த்ததை வைத்து மறுநாள் பாடத்தை மாற்றுவது. பாடம் மாறவில்லை என்றால் மதிப்பீடு நடக்கவே இல்லை என்றுதான் நான் கணக்கு வைத்துக்கொள்கிறேன்.

இதற்கு முதலில் கேள்வியைத் தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டும். நம் ஆசிரியர்கள் பலர் வழுக்குகிற இடம் இதுதான், நானும் வழுக்கியிருக்கிறேன். வர்க்கம் புரிந்ததா என்று பார்க்க 2² எவ்வளவு என்று கேட்டால், "இரண்டை இரண்டால் பெருக்கு" என்று சரியாக நினைத்தவனும் 4 என்பான், "மேலே இருக்கும் எண்ணால் பெருக்கு" என்று தப்பாக நினைத்தவனும் 4 என்பான். 3² என்று கேளுங்கள், ஒருவன் 9 என்பான், இன்னொருவன் 6 என்பான். பரப்பளவையும் சுற்றளவையும் குழப்பிக்கொள்கிறார்களா என்று பார்க்க 4 செ.மீ. பக்கமுள்ள சதுரத்தைக் கொடுத்தால் இரண்டுமே 16, ஒன்றும் தெரியாது. 52 − 27 கொடுத்தால் 35 என்று எழுதுகிற பிள்ளை தென்படும். மேலே கீழே எது பெரிதோ அதிலிருந்து சிறியதைக் கழிக்கிற பிள்ளை அது. 58 − 23 கொடுத்தால் அந்தப் பிள்ளை ஒளிந்துகொள்ளும். தசமத்தில் 2.47 பெரியதா 2.35 பெரியதா என்று கேட்பது வீண். 2.5 பெரியதா 2.35 பெரியதா என்று கேட்டால்தான், "முப்பத்தஞ்சு அஞ்சை விடப் பெரிசு" என்று நினைப்பவர்கள் கை தூக்குவார்கள். பாடநூலில் இருக்கும் பயிற்சிக் கணக்குகளில் பல, தப்பு வழியில் போனாலும் சரியான விடை வருகிற மாதிரி அமைந்துவிடும். அது நூல் எழுதியவர்கள் குற்றம் இல்லை, அவை பழகுவதற்கான கணக்குகள். கண்டுபிடிப்பதற்கான கேள்வியை நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

உங்கள் ஏழாம் வகுப்பில் முழுக்கள் வரும். −7 + 3 எவ்வளவு என்று கரும்பலகையில் எழுதி, கீழே நான்கு விடை கொடுங்கள்: −10, −4, 4, 10. இரண்டாவதுதான் சரி. −10 சொல்கிறவர் எண்களைக் கூட்டிவிட்டு முன்னால் இருந்த குறியை ஒட்டவைக்கிறார். 4 சொல்கிறவருக்குக் கழிக்கத் தெரிகிறது, குறி தெரியவில்லை. 10 சொல்கிறவர் குறியைப் பார்க்கவே இல்லை. மூன்று பேருக்கும் மூன்று வேறு மருந்து. எல்லோருக்கும் "தப்பு, மறுபடி போடு" என்று சொன்னால் மூவரும் தங்கள் பழைய வழியிலேயே இன்னொரு முறை போய்வருவார்கள், அவ்வளவுதான்.

அப்புறம், விடையை எல்லோரிடமிருந்தும் ஒரே நேரத்தில் வாங்க வேண்டும். என் வழி விரல். முதல் விடை என்றால் ஒரு விரல், இரண்டாவது என்றால் இரண்டு. கையை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியக்கூடாது. நான் "ஒன்னு, ரெண்டு, மூணு" என்றதும் காட்ட வேண்டும். முதல் வாரம் சிரிப்பும் கூச்சலுமாகத்தான் இருக்கும், பிறகு பழகிவிடும். 42 பேரின் விரலை ஒரு பார்வையில் பார்க்கப் பத்து நொடி போதும். பழைய சிலேட்டு கிடைத்தால் இன்னும் நல்லது, விடையை எழுதித் தூக்கிக் காட்டலாம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் "நாங்க என்ன ஒன்னாங்கிளாஸா" என்று முதலில் முறுக்கிக்கொள்வார்கள், இரண்டு நாளில் அவர்களே கேட்பார்கள். தனியாக ஒருவரைக் கேட்க வேண்டுமென்றால் ஐஸ் குச்சியில் பெயர் எழுதி ஒரு டப்பாவில் போட்டு, உருவி எடுங்கள். கை தூக்குகிறவரையே கேட்கிற பழக்கம் அதில் தானாக விட்டுப்போகும்.

கேட்டதும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது, கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு நொடி அளவில்தான் இருந்தது. அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினாலே பதில்கள் நீளமாயின, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேச ஆரம்பித்தார்கள். மூன்று நொடி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். வகுப்பில் நின்று பாருங்கள், அது எவ்வளவு நீளம் என்று தெரியும். நான் மனசுக்குள் மெதுவாக ஐந்து வரை எண்ணுகிறேன். அதற்குள் நானே விடையைச் சொல்லிவிடத் துடிக்கிற நாக்கைக் கட்டுவதுதான் கஷ்டம்.

பிள்ளைகள் நோட்டில் போடும்போது சுற்றி வருவதும் மதிப்பீடுதான், எதைப் பார்ப்பது என்று தெரிந்து நடந்தால். விடையைப் பார்க்காமல் முதல் வரியைப் பாருங்கள். அழித்த தடத்தைப் பாருங்கள், அங்கேதான் சண்டை நடந்திருக்கும். ஓரத்தில் சின்னதாகப் புள்ளி வைத்து எண்ணியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு 8 + 7 இன்னும் மனதில் நிற்கவில்லை என்று அர்த்தம். அப்படி இருக்கும்போது பின்னக் கூட்டல் அதற்கு எப்படி ஏறும்? ரப்பரைப் பிடுங்கி வைப்பது என் வழக்கம், தப்பை ஒரு கோடு போட்டு விடச் சொல்வேன். சுத்தமான நோட்டு வேண்டும் என்று கேட்கும் தலைமையாசிரியரிடம் இதற்காக ஒருமுறை பேச்சும் வாங்கியிருக்கிறேன்.

சரியான விடையையும் சும்மா விடாதீர்கள். ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்பவர் 1973இல் அமெரிக்காவில் பென்னி என்ற 12 வயதுப் பையனைப் பற்றி எழுதியது கணிதக் கல்வி படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். வகுப்பில் நன்றாகப் படிப்பவன் என்று பெயர் வாங்கியவன், தானே படித்துத் தானே தேர்வு எழுதி முன்னேறும் திட்டத்தில் மற்றவர்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தவன். உட்கார வைத்துப் பேசிப் பார்த்தால் அவன் 2/10 ஐத் தசமமாக மாற்றினால் 1.2 என்கிறான். இரண்டும் பத்தும் பன்னிரண்டு, நடுவில் ஒரு புள்ளி. தேர்ச்சி மதிப்பெண் வருகிற அளவுக்கு அவன் விடைகள் பொருந்திப் போனதால் யாரும் அவனிடம் "எப்படி?" என்று கேட்கவில்லை. அதனால் நான் சரியான விடைக்கும் தப்பான விடைக்கும் ஒரே முகத்தோடு "எப்படிம்மா வந்துச்சு?" என்று கேட்கப் பழகிக்கொண்டேன். தப்புக்கு மட்டும் கேட்டால், அந்தக் கேள்வி வந்த உடனேயே பிள்ளை விடையை மாற்றப் பார்க்கும்.

பீரியடு முடிய நாலு நிமிடம் இருக்கும்போது பஸ் டிக்கெட் அளவுத் துண்டுச் சீட்டில் ஒரே ஒரு கணக்கு போட்டுத் தரச் சொல்வேன். ஆசிரியர் அறையில் டீ ஆறுவதற்குள் அதை மூன்று குவியலாகப் பிரித்துவிடலாம்: பிடித்துக்கொண்டவர்கள், ஒரே மாதிரித் தப்பு செய்தவர்கள், என்ன செய்திருக்கிறார்கள் என்றே தெரியாதவர்கள். நடுக் குவியல் பெரிதாக இருந்தால் தப்பு என் பக்கம், வேறு விதமாக மறுபடி நடத்த வேண்டும். மூன்றாவது குவியலில் இருப்பவர்களை மறுநாள் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசச் சொல்லிக் கேட்பேன். விரல் காட்டும்போது வகுப்பு ஏறக்குறைய பாதி பாதியாகப் பிரிந்தால் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சரியான விடையைச் சொல்லாமல், வேறு விரல் காட்டியவரைத் தேடிப்போய் வாதாடச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி விரல் கேட்டால் பெரும்பாலும் சரியான பக்கம் சாய்ந்திருக்கும். எப்போதும் அல்ல. சத்தமாகப் பேசுகிறவன் தப்பாக இருந்து நாலு பேரைத் தன் பக்கம் இழுத்த நாளும் உண்டு.

இதற்கெல்லாம் மதிப்பெண் போடலாமா? போடாதீர்கள். 1988இல் ரூத் பட்லர் இஸ்ரேலில் செய்த ஆய்வு ஒன்று உண்டு. ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு குழுவுக்குக் குறிப்பு மட்டும், இன்னொரு குழுவுக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள்தான் அடுத்த முறை முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலத்தான் இருந்தார்கள். நம் வகுப்பிலும் பார்க்கலாமே, தாளைக் கொடுத்ததும் பிள்ளை எண்ணைப் பார்க்கும், பக்கத்துப் பிள்ளையின் எண்ணைப் பார்க்கும், மடித்துப் பையில் வைக்கும். நாம் ராத்திரி உட்கார்ந்து எழுதிய குறிப்பு மடிப்புக்குள் போய்விடும்.

நம் தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தபோது, வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவக் கடைசித் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். வளரறி என்ற சொல்லே அழகான சொல், வளர்வதை அறிவது. அந்த 40ஐயும் எஃப்.ஏ. (வளரறி மதிப்பீட்டின் ஆங்கிலச் சுருக்கம்) ஏ, பி என்று இருபது இருபதாகப் பிரித்துப் பட்டியலில் ஏற்ற வேண்டி வந்ததும், பல இடங்களில் அது சார்ட் ஒட்டுகிற வேலையாகிவிட்டது. கணக்குச் செயல்பாடு என்ற பெயரில் அக்காவோ அம்மாவோ வெட்டி ஒட்டிய வட்டத்துக்கு நானே பத்துக்கு ஒன்பது போட்டிருக்கிறேன். திட்டத்தின் நோக்கத்தில் தப்பு இல்லை. பிள்ளை தன் குழப்பத்தைக் காட்ட வேண்டிய இடத்தில் மதிப்பெண் வந்து உட்கார்ந்தால், குழப்பத்தை மறைக்கத்தான் பார்க்கும். ஆகவே எஃப்.ஏ. மதிப்பெண்ணை அதற்குரிய செயல்பாட்டில், அதற்குரிய தேர்வில் போடுங்கள். விரலுக்கும் துண்டுச் சீட்டுக்கும் போட வேண்டாம்.

இதனால் பிள்ளைகள் எவ்வளவு முன்னேறுவார்கள் என்று கேட்டால் கொஞ்சம் நிதானமாகத்தான் சொல்ல வேண்டும். பால் பிளாக், டிலன் வில்லியம் என்ற இருவர் 1998இல் ஏறக்குறைய 250 ஆய்வுகளைத் தொகுத்து, வகுப்பறைக்குள் நடக்கும் இந்த வகை மதிப்பீடு கற்றலை நன்றாகவே உயர்த்துகிறது என்று எழுதினார்கள். பயிற்சிகளில் நமக்குச் சொல்லப்படும் பெரிய எண்கள் அங்கிருந்து வருபவை. 2011இல் கிங்ஸ்டன், நாஷ் இருவரும் கறாராகச் சலித்துப் பார்த்தபோது பலன் உண்டு, ஆனால் அந்த எண்களை விட மிகக் குறைவு என்று வந்தது. என் அனுபவமும் அதற்குப் பக்கத்தில்தான். பிள்ளை எங்கே தவறுகிறது என்று தெரிவது நிச்சயம். தெரிந்ததால் அது சரியாகிவிடும் என்பது நிச்சயம் இல்லை, அது அடுத்து நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இன்னொன்று, இன்று சரியாக விரல் காட்டிய பிள்ளை அடுத்த வாரமும் காட்டும் என்று நம்பாதீர்கள். கரும்பலகையில் மாதிரிக் கணக்கு இருக்கும்போது போடுவது வேறு, மனதில் நிற்பது வேறு. திங்கட்கிழமை முதல் ஐந்து நிமிடம் போன வாரத்துக் கேள்வியையே எண்ணை மாற்றிக் கேட்கிறேன். சில நாள் அழுகை வரும், எனக்குத்தான்.

நம் கண்ணையும் முழுசாக நம்ப முடியாது. ஒரு வருடம், மாலையில் வகுப்பின் பெயர்களை எழுதி, இன்று யார் என்ன போட்டார்கள் என்று நினைவிலிருந்து குறித்துப் பார்த்தேன். முன் பெஞ்சு நினைவிருந்தது, சேட்டைக்காரர்கள் நினைவிருந்தார்கள். நடு வரிசையில் சத்தமே போடாத ஒன்பது பத்துப் பேர் தினமும் காலியாகவே இருந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண் பிள்ளைகள். அதிலிருந்து சுற்றி வரும்போது நடு வரிசையில்தான் தொடங்குகிறேன். அதே மாதிரி, வாயால் சொல்லத் தெரியாததைக் கணக்குத் தெரியாதது என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. கட்டட வேலைக்கு வந்த குடும்பத்துப் பையன் ஒருவன், வீட்டில் ஒடியா பேசுபவன், "பகுதி, தொகுதி" எது என்று கேட்டால் விழிப்பான். காகிதத்தை மடித்து மூன்றில் இரண்டு காட்டச் சொன்னால் முதலில் காட்டுகிறவன் அவன்தான். எண்களோடு வருடக்கணக்காகப் போராடும் பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்பதை மட்டும் இந்த முறைகளால் முடிவு செய்யாதீர்கள். அது நம் வேலை இல்லை, வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பில் ஜனவரிக்குப் பிறகு நான் இதில் பாதியைக்கூடச் செய்வதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பொதுத்தேர்வு பக்கத்தில் வந்ததும் நானும் மாதிரி வினாத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு போகிற ஆள்தான்.

சரி, பதிவேடு. தனிப் பதிவேடு வேண்டாம். 42 பேருக்கும் தினமும் எழுத ஆரம்பித்தால் இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை உட்கார்ந்து மொத்தமாக நிரப்புவீர்கள், எல்லாம் கற்பனையாக இருக்கும். பெயர்ப் பட்டியலை ஒரு பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். அன்றைக்கு எதிர்பாராததைச் செய்தவர்கள் பெயருக்கு நேரே மட்டும் இரண்டு சொல் எழுதுங்கள். "ஓவர் கணக்கு", "குறி விட்டான்", "பெரியதிலிருந்து சிறியது", இப்படி. ஒரு நாளைக்கு நாலைந்து பேர்தான் வருவார்கள். மாதக் கடைசியில் யார் பெயருக்கு நேரே ஒன்றுமே இல்லை என்று பாருங்கள். என் நோட்டில் முதல் வருடம் அப்படிப் பதினொரு பேர் இருந்தார்கள், ஒரு மாதம் முழுக்க நான் சரியாகப் பார்க்காதவர்கள். பார்வைக்கு வரும் அதிகாரி கேட்டால் அந்தப் பக்கத்தையே காட்டுங்கள். என்னிடம் ஒருவர், "ஓவர் கணக்குன்னா என்னம்மா?" என்று கேட்டார். அந்தப் பையனையே கூப்பிட்டு விளக்கச் சொன்னேன், நன்றாகவே விளக்கினான்.